மோந்து பார்க்காத சட்டை

பல வருஷம் நான் என் கணவரின் சட்டையை மோந்து பார்த்தே குடித்தனம் நடத்தினேன். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் நான் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடுவேன். முதலில் காலர், அப்புறம் மேல் பாக்கெட், கடைசியாக வலது கை. சிகரெட் பிடிக்கிற கைப்பக்கம்தான் நாற்றம் போகாமல் நிற்கும். என் மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, நீ ஏர்போர்ட்டுக்கு வேலைக்குப் போலாம்மா. நாய்க்குப் பதிலா உன்ன வெச்சிப்பாங்க" என்றாள். கையில் இருந்த சட்டையாலேயே அவளுக்கு ஒன்று வைத்தேன்.

எங்கள் வீடு மந்தைவெளியில் ஐந்தாறு குடித்தனங்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் இருக்கிறது. நான் தி.நகர் துணிக்கடை ஒன்றுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறேன். அவர் சினிமாவில் லைட்மேன். கோடம்பாக்கத்தில் ஆரம்பித்து இப்போது சீரியல், விளம்பரம் என்று எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே போய் லைட் தூக்குகிறார். சும்மா சொல்லக் கூடாது, அந்த மனுஷனிடம் வேறு குறையே கிடையாது. குடி இல்லை, சூது இல்லை, கைநீட்டி ஒரு அடி அடித்ததில்லை. சிகரெட் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று அவரை ஆட்டிப்படைத்தது.

சிகரெட்டெல்லாம் ஒரு பாவமா என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். எங்கள் கிறிஸ்தவ சபையில் அது பாவம்தான், அதில் பேச்சே கிடையாது. அவரே ஒருதரம் சொன்னார்: "பாவமோ இன்னாவோ, எனக்குத் தெரியாது. ஆனா அது எழுந்திருன்னா எழுந்திருக்கிறேன், வெளிய வான்னா வெளிய போறேன். ஜெபத்துல கண்ண மூடினா ஆண்டவருக்கு முன்னால அதுதான் வந்து நிக்குது." சபையில் கொடுக்கிற திருவிருந்து அப்பத்தை வாயில் வைத்துக்கொண்டே சிகரெட் பிடிக்க மாடிப்படி இறங்கிப் போனவர் அவர். இருமல் வேறு சேர்ந்துகொண்டது. மார்பில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், "ஊதறத நிறுத்துறீங்களா, லைட் தூக்கறத நிறுத்துறீங்களா?" என்று கேட்டார். 

எங்கள் சபை தேனாம்பேட்டையில், கண்ணாடி ஃபிரேம் போடுகிற கடைக்கு மேலே ஒரு மாடி ஹாலில் கூடுகிறது. அங்கே ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். இவர் தேம்பித் தேம்பி அழுதார். வீட்டுக்கு வருகிற வழியில் பாக்கெட்டை எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டார். மறுநாள் பிடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போனது. நான் சட்டையைத் திருப்பித் திருப்பி மோந்து பார்க்கிறேன், வியர்வை நாற்றம் மட்டும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்துப் போட்டேன்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? இல்லை.

"வர ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லிடுங்க" என்றேன்.

"இன்னாடி அவசரம்? கொஞ்ச நாள் போவட்டும். எனக்கே இன்னும் நம்பிக்க வரல."

"அப்படிலாம் பேசாதீங்க. ஆண்டவர் செஞ்சத மறைச்சு வெச்சா பிசாசு வந்து எடுத்துக்கினு போயிடுவான்."

இது நான் கண்டுபிடித்ததல்ல. எங்கள் சபைகளில் இப்படி ஒரு பேச்சு உண்டு. கிடைத்த நன்மையை எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும், அதற்குப் பேர்தான் சாட்சி. சொல்லாவிட்டால் அந்த நன்மை கையைவிட்டுப் போய்விடும் என்பார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மைக்கில் சொல்லிவிட்டு நடுங்கிக்கொண்டே போய் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. பயம்தான்.

அவரும் சொன்னார். அடேயப்பா! வாழ்நாள் முழுக்க அடுத்தவர் முகத்துக்கு வெளிச்சம் பிடித்த மனுஷனுக்கு, எங்கே நின்றால் முகம் தெரியும் என்று தெரியாதா? ஹாலின் ஒரே நல்ல டியூப் லைட்டுக்குக் கீழே போய் நின்றார். குரல் உடைந்தது. பெண்கள் பக்கம் பாதிப்பேர் அழுதார்கள். பாஸ்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தேன், ஆனால் உள்ளே எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே மவுசு. யார் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தாலும், எந்த வீட்டு ஆம்பளை புகை பிடித்தாலும், "அந்த லைட்மேன் பிரதரைக் கூப்பிடுங்க" என்றார்கள். அடையாறு, வேளச்சேரி, சைதாப்பேட்டை என்று போனோம். நான் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொள்வேன். போகிற வழியில் பஸ்ஸிலேயே அவருக்குப் பாடம் எடுப்பேன்.

"குப்பைத்தொட்டில போட்டேன்னா சப்புனு கீதுங்க. அடையாறு பாலத்து மேலேந்து தூக்கி ஆத்துல போட்டேன்னு சொல்லுங்க."

"நான் எங்கடி பாலத்துக்குப் போனேன்?"

"அன்னிக்கு வேலைக்கு அந்த வழியாத்தானே போனீங்க? சும்மா சொல்லுங்க. கேக்கறவங்களுக்கு விசுவாசம் வரும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்குப் பாலத்துக் கதையைத்தான் சொன்னார். அடுத்த வீட்டில், அந்த நாளிலிருந்து வாசனை பட்டாலே குமட்டுகிறது என்பதும் சேர்ந்துகொண்டது. அதுவும் நான் கொடுத்ததுதான்.

எங்கள் தெருமுனையில் ஒரு அயர்ன் வண்டி நிற்கும். புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறித் தேய்ப்பார்கள். ஒருநாள் காய்கறி வாங்கிவிட்டு வரும்போது அந்தப் பெண் கூப்பிட்டு, "அண்ணி, அண்ணன் சட்ட ஒண்ணு இங்கயே கீது. இன்னிக்கு வண்டிய சீக்கிரம் கட்டறோம், அண்ணன் வந்து மாத்த முடியாது. நீங்க எடுத்துக்கினு போறீங்களா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நீட்டிய சட்டையை வாங்கினேன். கட்டம் போட்ட சட்டை, அவருடையதுதான், துவைத்துத் தேய்த்து வைத்திருந்தது. "மாத்தன்னா?" என்றேன். அவள் கள்ளமில்லாமல் சொன்னாள், தினமும் சாயங்காலம் அண்ணன் இங்கே வந்து, போட்டிருக்கிற சட்டையைக் கழற்றித் துவைக்கக் கொடுத்துவிட்டுத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார் என்று. "வேலைல அழுக்காவுது, வீட்டுக்கு சுத்தமாப் போவணும்னு சொல்வாரு. நல்ல மனுசன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கேயே, நட்டநடுத் தெருவில், வண்டியின் கீழே மூட்டையாகக் கிடந்த துணிகளில் முந்தின நாள் சட்டையைத் தேடி இழுத்து மோந்தேன். வாசனை மூக்கில் அடித்தது. காய்கறிப் பை கையிலிருந்து நழுவிக் கத்தரிக்காய் எல்லாம் உருண்டு ஓடியது.

அன்றைக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு சட்டையையும் அவர் முன்னால் போட்டேன். பக்கத்துக் குடித்தனத்துக்குக் கேட்டுவிடும் என்று கிசுகிசுத்தே சண்டை போட்டேன். கோபத்தைக் கிசுகிசுத்துக் கொட்டுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தொண்டை புண்ணாகிவிட்டது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு வாரந்தான் விட்டிருந்தேன். சாட்சி சொன்ன அடுத்த வாரமே ஆரம்பிச்சிட்டேன். உங்கிட்ட எத்தினியோ வாட்டி சொல்ல வந்தேன். நீ புடவ கட்டிக்கினு ரெடியா நிப்ப" என்றார்.

"புள்ள தலைல அடிச்சு சத்தியம் பண்ணுங்க, இனிமே தொட மாட்டேன்னு!"

"வேணான்டி. அது முடியல என்னால. புள்ளைய இதுல இழுக்காத."

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாங்க, பாஸ்டரிடம் போய் உள்ளதைச் சொல்லலாம் என்று கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா சபைல தலகாட்ட முடியாது" என்றேன்.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். முன்பெல்லாம் டீக்கடையில் நின்று நாலு பேரோடு சிரித்துக்கொண்டு ஊதினவர், இப்போது ஷூட்டிங்கில் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஊதினார். அங்கேயும் அவர் திருந்திய மனிதர் என்று பேர் பரவியிருந்தது. வாய்க்குக் கிராம்பு, விரலுக்குக் கொய்யா இலை, உடம்புக்கு அயர்ன் வண்டிச் சட்டை. ஒரு சிகரெட்டுக்கு இத்தனை காவல். அந்தக் கிராம்பை வாங்கிக் கொடுத்தவள் நான். மளிகைச் சாமானோடு சேர்த்து வாங்கி, மருந்து டப்பாவில் போட்டு, அவர் பையில் நானே வைத்தேன். மோந்து பார்ப்பதை மட்டும் விட்டேனா என்றால் அதுவும் இல்லை. அயர்ன் வண்டியில் அவர் கழற்றிப் போட்ட சட்டையை வாங்கி வந்து, இன்றைக்கு வாசனை குறைவா, கூடவா என்று பார்ப்பேன். குறைவாக இருந்தால் நிம்மதி, கூடுதலாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைப்பேன். என் சந்தோஷம், துக்கம், ஜெபம் எல்லாமே அந்தச் சட்டையின் கை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சிகரெட்டுக்கு அடிமை, நான் அவர் சிகரெட்டுக்கு அடிமை. அப்போது இது எனக்குத் தெரியவில்லை. நான்தான் வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் வேளச்சேரியில் ஒரு ஃபிளாட்டில் ஜெபக்கூட்டம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற சின்ன வயதுத் தம்பதி. புருஷனுக்கு இதே பழக்கம். இவர் வழக்கமான சாட்சியைச் சொல்லி முடித்ததும் அந்தத் தம்பி கிட்டே வந்து, "ஒரே நாள்லயா விட்டீங்க அண்ணே?" என்று கேட்டான். கேட்ட முகத்தில் அப்படி ஒரு ஆசை. இவர் பதில் சொல்லாமல் கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமையலறைப் பக்கம் நின்றிருந்த நான் முந்திக்கொண்டேன். "ஒரே நாள்ல தம்பி! ஒரே ஜெபம்!"

சில மாதம் கழித்து அந்தத் தம்பியின் பெண்டாட்டி ஃபோன் செய்தாள். எடுத்த உடனே அழுகை.

"அக்கா, அவர் இனிமே சர்ச்சுக்கே வரமாட்டேன்னுட்டார். எவ்வளவோ தடவை விட்டுப் பார்த்துட்டார்க்கா, முடியல. 'அந்த அண்ணனுக்கு ஒரே நாள்ல கிடைச்சது எனக்கு இத்தனை நாள் கெஞ்சியும் கிடைக்கல. அப்ப ஆண்டவருக்கு நான் வேணாம்னுதானே அர்த்தம்'னு கேக்கறார். நான் என்னக்கா பதில் சொல்றது?"

 ஜெபிக்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். 

இவர் சாப்பிடும்போது சொன்னேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அந்தப் புள்ள கேட்டப்ப நான் வாயத் தொறக்கல. நீதான் சொன்ன" என்றார்.

"ஆமா! எல்லாத்துக்கும் நான்தான்! நான்தான் உங்க வாய்ல சிகரெட்ட சொருவினேன்!" என்று கத்திவிட்டுப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். அவர் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போனார். அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்பு என் பயமெல்லாம் இவருடைய நுரையீரலும் எங்கள் மானமும்தான். இப்போது வேளச்சேரியில் ஒருத்தன் எங்கள் பொய்யைக் கேட்டுவிட்டு ஆண்டவரையே விட்டுப் போகப்போகிறான்.

அந்த ஞாயிறு எங்கள் சபையின் ஆண்டு விழா. வழக்கம்போல இவர்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் முன்பே சொல்லிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் நான் மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய சட்டை கைக்கு வந்தது. கை தன்னால் அதை மூக்குக்குத் தூக்கியது. பாதி தூரத்தில் நின்றுவிட்டேன். என்ன தெரிந்துகொள்ளப் போகிறேன்? தெரிந்து இத்தனை வருஷம் என்ன கிழித்தேன்? அவரை ஒரு சிகரெட்டிலிருந்தாவது என் மூக்கு காப்பாற்றியதா? ஒளிந்துகொள்ள மட்டும் நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மொட்டை வெயில். சோப்புத் தண்ணீர் முழங்கைவரை. அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சத்தமாகவே பேசினேன்: "ஆண்டவரே, இந்த ஆள் என் கைக்கு அடங்கல. நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். அவரத் திருத்தறேன்னு நான் கெட்டுப்போயிட்டேன். பொய்க்காரியா ஆயிட்டேன். இந்தாங்க, அவரையும் எடுத்துக்கோங்க, என்னையும் எடுத்துக்கோங்க. சபைல எங்களக் காறித் துப்பினாலும் சரி. இனிமே நான் மோந்து பாக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அந்தச் சட்டையை மோந்து பார்க்காமல் வாளிக்குள் முக்கினேன்.

வானம் திறக்கவில்லை, சிலிர்ப்பும் வரவில்லை. எனக்குப் பயங்கரப் பசி எடுத்தது. கீழே போய்ப் பழைய குழம்பைச் சுடவைத்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஃபால்ஸ் தைக்க வேண்டிய புடவை அத்தனையும் அப்படியே கிடக்க, பட்டப்பகலில் படுத்துத் தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனையோ காலம் ஆயிற்று. இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் பஸ்ஸில் பேசாமல் வந்தேன். பாதி வழி போனதும் அவரே கேட்டார்.

"இன்னா, இன்னிக்கு எதுவும் சொல்லித் தரலியா?"

"உங்க சாட்சி. உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க."

சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு இறங்குகிறவரை ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டார்.

ஹாலில் கால் வைக்க இடமில்லை. கீழேயிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. இவர் எழுந்தார். அந்த டியூப் லைட்டுக்குக் கீழே போகவில்லை. நின்ற இடத்திலேயே மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நான் சொன்னது பொய்" என்றார். "பாலம் பொய். ஒரே நாள்ல விட்டது பொய். ரெண்டு வாரம் விட்டேன், அது நெஜம். அப்புறம் இன்னி வரிக்கும் பிடிச்சிக்கினுதான் கீறேன். காலைல இங்க வர்றதுக்கு முன்னாடி கூட பிடிச்சேன். உங்களையும் ஏமாத்தினேன், ஆண்டவரையும் ஏமாத்தப் பாத்தேன். வேளச்சேரில ஒரு தம்பி என் பேச்ச நம்பி, ஆண்டவர் தன்னத் தள்ளிட்டாருன்னு நெனச்சிக்கினு கீறான். அத என்னால தாங்க முடியல. என் சம்சாரத்துக்கு இதுல ஒண்ணும் தெரியாது, அவளத் தப்பா நெனைக்காதீங்க."

 கடைசி வார்த்தையைக் கேட்டதும் எங்கிருந்துதான் வந்ததோ, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றேன்.

"தெரியும்! மறுபடியும் பொய் சொல்லாதீங்க!" என்று கத்தினேன். மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்டது. "பாலத்தச் சொல்லச் சொன்னதே நான்தான்! கிராம்பு வாங்கிக் குடுத்ததும் நான்தான்!"

பின்னால் யாரோ ஒருவர் கிராம்பு என்றதும் சிரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.   நான் நின்றுகொண்டே இருந்தேன், இவரும் நின்றுகொண்டே இருந்தார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கல்யாணத்தன்று கூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. மறைக்க ஒன்றுமே மிச்சமில்லை.

பாஸ்டருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு பாட்டை ஆரம்பித்தார், யாரும் கூடப் பாடாததால் அவரே நிறுத்திவிட்டார். பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்து, "பிரதர், இப்பவும் பாக்கெட் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"கீதுங்க ஐயா. பேன்ட்டுல."

"இருக்கட்டும். அதோடயே முட்டி போடுங்க. நானும் போடறேன்."

நான் ஆம்பளைகள் பக்கம் போய் இவர் பக்கத்தில் முட்டி போட்டேன். யாரும் தடுக்கவில்லை. பாஸ்டர் வழக்கமாக முழங்குகிறவர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார். "ஆண்டவரே, விட்டுட்டோம்னு சொல்லிக்கிட்டு உங்ககிட்ட வரல. எங்களால விட முடியலன்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கோம். நீங்க ஏற்கெனவே எங்களுக்காக எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிட்டீங்க. எங்கள எடுத்துக்கோங்க." அவ்வளவுதான். 'எங்களால' என்று ஏன் சொன்னார், அவருக்கு என்ன பாரமோ, நான் கேட்கவில்லை.

எல்லோரும் வந்து கட்டிப்பிடித்தார்கள் என்று எழுதினால் அது இன்னொரு அடையாறு பாலம். பிரியாணிப் பந்தியில் எங்கள் பக்கத்து நாற்காலிகள் கொஞ்ச நேரம் காலியாகவே இருந்தன. ஒரு அம்மா என் காதருகே வந்து, "இத ஆண்டு விழா அன்னிக்குத்தான் சொல்லணுமா சிஸ்டர்? சபைப் பேரு என்ன ஆவறது?" என்றார். வேறு நாளாக இருந்தால் வாயிலேயே போட்டிருப்பேன். அன்றைக்கு, "தப்புதான் அம்மா" என்றேன். எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. அப்படி ஒரு லேசு. பிடித்த பிடியை விட்டதும் கை எப்படி வலிக்கும், அப்படி உடம்பெல்லாம் இனிமையாக வலித்தது. இரண்டாம் தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.

இவர் சாப்பிடாமல் மாடிப்படியில் நின்று வேளச்சேரிக்கு ஃபோன் போட்டார்.

"தம்பி, அண்ணன் பேசறேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்ப்பா. என்னாலயும் விட முடியல... ஆமா, இன்னிக்குக் காலைல கூட... ஆண்டவர் உன்னத் தள்ளலப்பா. தள்றதா இருந்தா மொதல்ல என்னத்தான் தள்ளியிருக்கணும்."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் எனக்கே கேட்டது. சாயங்காலம் அந்தத் தம்பியும் அவன் பெண்டாட்டியும் ரயிலேறி மந்தைவெளிக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம், "ஒரே ஜெபம்னு சொன்னது நான்தாம்மா, மன்னிச்சிடு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஆம்பளைகள் இருவரும் குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த வாளிகளின் மேல் உட்கார்ந்து இருட்டுகிறவரை பேசினார்கள். நடுவில் எழுந்து தெருமுனைக்குப் போய் ஆளுக்கு ஒன்று பிடித்துவிட்டு வந்தார்கள் என்றுகூட நினைக்கிறேன். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவில்லை. இட்லிக்கு மாவு ஊற்றினேன்.

அன்றிலிருந்து கை பரபரக்கிற நேரத்தில் ஒருவருக்கொருவர் ஃபோன் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஷூட்டிங்கில் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு இவர், "தம்பி, ரொம்ப இழுக்குதுப்பா, ஒரு வார்த்த ஜெபம் பண்ணு" என்பாராம். தவறி விழுந்த நாளில் அதையும் சொல்லிவிடுவார்களாம். அயர்ன் வண்டியில் கிடந்த சட்டையை இவரே வாங்கி வந்து ஆணியில் மாட்டினார். கிராம்பு டப்பா மறுபடியும் சமையலுக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இருமல் நின்றது. மந்தைவெளி ஸ்டேஷன் படிகளில் இப்போது எனக்கு முன்னால் ஏறிப் போய் மேலே நின்று, "இன்னாடி, கெழவி மாதிரி வர்ற?" என்று என்னைக் கேலி செய்கிறார். வேளச்சேரித் தம்பி சபையில் கிட்டார் வாசிக்கிறான்.

போன மாதம் பாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தபோது, "சிஸ்டர், பிரதர் கடைசியா எப்ப பிடிச்சார்?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஒரு காலத்தில் எந்தச் சட்டை, எந்தக் கிழமை, எவ்வளவு நாற்றம் என்று எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள் நான். இவர் பக்கம் திரும்பினேன்.

"எனக்கும் தெரியாதுங்க ஐயா" என்று சிரித்தார். "பிடிக்கும்போது அதான் கடைசின்னு தெரியல. அப்புறம் ஒருநாள் பாத்தா, உடம்பு அதக் கேக்கவே இல்ல."

"சாட்சி சொல்றீங்களா?" என்றார் பாஸ்டர். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், "கொஞ்ச நாள் போவட்டும்" என்றோம்.

நேற்று மத்தியானம் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. மாடிக்கு ஓடிப் போய்க் கொடியில் இருந்ததையெல்லாம் வாரி அணைத்துக்கொண்டு இறங்கினேன். அந்தக் கட்டம் போட்ட சட்டையும் அதில் இருந்தது. மற்றத் துணிகளோடு மடித்து அலமாரியில் வைத்தேன். அதை நான் மோந்து பார்க்கவில்லை என்பதே, சாயங்காலம் அவருக்குச் சோறு போடும்போதுதான் நினைவுக்கு வந்தது.